இலந்தை காய்க்கவில்லை

கரும்பாறைக் காட்டில் கோமளி என்ற அணில் இலந்தை வடை விற்றுவந்தாள். செங்குத்தான பாறையின் உச்சியில் ஒரு இலந்தை மரம். அதிலிருந்து பழம் பறித்து, மூன்று நாள் இடித்து, உப்புப் பாறையில் தட்டிக் காயவைக்க வேண்டும். இடுப்பே விட்டுப்போகும்!

பிறகு அத்திப்பழ உருண்டை போட்டாள். அரை நாள் வேலைதான். காடே மொய்த்தது. வடை வாங்க வந்தது மருதாயி என்ற மான் மட்டும்தான். பாவம், அவளுக்கு மசக்கை. வேறு எதைத் தின்றாலும் குமட்டிக்கொண்டு வந்துவிடும்.

ஒருத்திக்காக மூன்று நாளா! கோமளிக்கு அலுத்துவிட்டது. ஆனால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. சோம்பேறி என்பார்களே!

அந்தக் காட்டில் எந்தச் சேதியானாலும் கொண்டையன் என்ற மரங்கொத்திதான் மரத்தைத் தட்டிச் சொல்வான். அவனிடம் போனாள்.

"கொண்டையா, இந்த வருஷம் இலந்தை காய்க்கலை, அதனால வடை கிடையாதுன்னு சொல்லிடு!"

"நிஜமாவா?"

"நான் என்ன பொய்யா சொல்றேன்?"

டொக் டொக்கென்று சேதி பரவியது. உச்சிக்கு ஏறிப் பார்க்க யாரால் முடியும்? பறக்கத் தெரிந்த கொண்டையனும் அவள் பேச்சை நம்பிப் போய்ப் பார்க்கவில்லை. எல்லாரும் நம்பினார்கள். கோமளி நிம்மதியாக உருண்டை பிடித்தாள்.

நான்காம் நாள் மருதாயி நொண்டிக்கொண்டே வந்தாள். பின்னங்காலில் ரத்தம் வழிந்தது. வாயில் பழத்தோடு ஒரு இலந்தைக் கிளை!

"ஐயோ, என்னடி இது!" என்று கோமளி பதறினாள்.

மருதாயி கிளையைக் கீழே போட்டாள். "அக்கரையில காய்ச்சிருக்கு கோமளி! ஆத்துல முதலை காலைக் கவ்விடுச்சு. நானும் வயித்துப் பிள்ளையும் தப்பினது பெரும்பாடு. இலந்தை காய்க்கலைன்னு நீ வருத்தப்படுவியேன்னுதான் போனேன். இந்தா, வடை போடு!"

கோமளி பாறை உச்சியைக் காட்டினாள். "மருதாயி... மேல மரம் நிறையக் காய்ச்சிருக்கு. இடிக்க அலுப்பா இருந்துச்சு. பொய் சொல்லிட்டேன்."

மருதாயி அவளையே பார்த்தாள். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா, பழத்தை மட்டும் உதிர்த்து விடுன்னு கேட்டிருப்பேனே! எனக்குக் குளம்பு இருக்கு. அரை நாள்ல நானே இடிச்சிருப்பேன்!"

கோமளி உடனே உச்சிக்கு ஏறிப் பழம் உதிர்த்தாள். கீழே மருதாயி மூன்று காலில் நின்று இடித்தாள். மேலே காய்த்துக் குலுங்கும் மரத்தைப் பார்த்த கொண்டையன் மட்டும், "இனிமே உன் சேதியை நீயே சொல்லிக்கோ!" என்று பறந்துபோனான்.

ஒரு பொருளை நிறுத்துவது விற்பவரின் விருப்பம். ஆனால் நிறுத்தியதற்குப் பொய்க் காரணம் சொன்னால், அதை நம்பியவரே அடிபடுவார்.