தயேசிஸின் பெயரில் ஒரு சான்றிதழ்

ரோமப் பேரரசின் எகிப்து மாகாணத்தில், நைல் கரையோர ஊர் ஒன்றில் தயேசிஸ் என்ற நெசவுக்காரி இருந்தாள். கிறிஸ்துவை ஏற்றவள். எழுதப் படிக்கத் தெரியாது. உறவென்று இருந்தது தம்பி ஓரியோன் மட்டும். அவன் பழைய தெய்வங்களை விடாதவன்.

அந்த வருடம் பேரரசரின் ஆணை வந்தது. எல்லோரும் அதிகாரிகள் முன்னால் தெய்வங்களுக்குப் பலியிட்டு, பலி இறைச்சியைத் தின்று, சான்றிதழ் வாங்க வேண்டும். மறுத்தால் சிறை. பலியிடுவது கிறிஸ்துவை மறுதலிப்பது என்று தயேசிஸ் போகவில்லை; சிறைக்கு மாற்றுத்துணியை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாள்.

காவலர் வரவில்லை. ஓரியோன்தான் வந்தான், கையில் ஒரு நாணல் தாளுடன்.

"அக்காவுக்குக் காய்ச்சல், எழுந்து நிற்க முடியவில்லை என்று பேரரசர் பெயரில் சத்தியம் செய்தேன். உனக்கும் சேர்த்து நானே பலியிட்டேன். எழுதத் தெரியாதவள், அவள் சொல்ல நான் எழுதினேன் என்று கையெழுத்தும் போட்டாயிற்று."

"என் பெயரில் பொய்யா?"

"இறைச்சி தின்றவன் நான். உனக்கு ஏன் கசக்கிறது?"

மறுநாள் பலியிட்டவர்களின் பட்டியல் சந்தைச் சுவரில் ஏறியது. அதில் அவள் பெயரும் இருந்தது. ஞாயிறன்று, சபை மறைவாகக் கூடும் வீட்டு வாசலிலேயே மூப்பர் அம்மோனாஸ் அவளை நிறுத்தினார். அவரை அதிகாரிகள் இன்னும் அழைக்கவில்லை; அவருடைய மகள் பலியிட மறுத்துச் சிறையில் கிடந்தாள்.

"ஐயா, நான் அங்கே போகவே இல்லை."

"நம்புகிறேன் அம்மா. அதை அதிகாரிகளிடம் போய்ச் சொல். சொன்ன பிறகு உனக்கு இங்கே தடையில்லை. நீ சொல்ல மாட்டாய் என்றால், என் மகள் எதற்காகச் சிறையில் கிடக்கிறாள்?"

சொன்னால் அவளுக்குச் சிறை. அதற்கு அவள் என்றோ தயார். ஆனால் பொய்ச்சத்தியம் செய்த ஓரியோனுக்குக் கல்குவாரியில் கட்டாய வேலை. அங்கே போனவர்கள் திரும்பியதில்லை. சொல்லாவிட்டாலோ, தயேசிஸ் கிறிஸ்துவை மறுதலித்தவள் என்று ஊரே முடிவு கட்டிவிடும்.

அதிகாரிகளின் அலுவலகப் படிவரை போனாள். "என்ன வேண்டும்?" என்றான் காவலன்.

"ஒன்றுமில்லை" என்று திரும்பினாள். அதன்பின் ஞாயிறுதோறும், சபையார் உள்ளே தாழ்ந்த குரலில் பாடுவதைத் தெருவில் நின்று கேட்டாள்.

தம்பி பொய் சொல்லி அக்காவைச் சிறைக்குப் போகாமல் காத்தான். மூப்பர் உண்மையைச் சொல்லச் சொன்னார். தயேசிஸ் வாயைத் திறக்கவில்லை. இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: தயேசிஸ் செய்ததுதான். ஓரியோன் தன் உயிரையே பணயம் வைத்தான், உண்மைதான். ஆனால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூப்பரின் மகள் சிறையைத் தானே தேர்ந்தெடுத்தாள். அவர் கேட்ட உண்மையோ, அவர் சபையிலேயே இல்லாத ஒருவனைக் கல்குவாரிக்கு அனுப்பியிருக்கும். தயேசிஸ் இழந்தது தன் நற்பெயரையும் சபையில் தன் இடத்தையும் மட்டும். அதற்காகச் சபையின் கதவு அவளுக்குத் திறந்ததா என்றால், இல்லை.