மணிச்சத்தம் வந்த பக்கம்

ஊரைவிட்டே போய்விடுவதென்று முடிவெடுத்த பிறகுதான் தொபியாஸ் சிஸ்டர் எமரன்சியாவிடம் வந்தார். தொபியாஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. சிஸ்டருக்கு, அவருக்கு மகளாக இருக்கக்கூடிய வயதுதான். இருந்தாலும் அவருக்கு ஜெபிக்கச் சொல்லிக்கொடுத்தது சிஸ்டர். மனசில் எது உறுத்தினாலும் அங்கேதான் வந்து நிற்பார்.

"சிஸ்டர், ஆண்டவர் தெனமும் எங்கிட்டப் பேசுறாரு."

"நல்லதுதானேண்ணே."

"என்னத்த நல்லது! 'கஸ்பாரக் கடல்ல விட்டுட்டு வந்தவன் நீ. கோயில் படி ஏறாத. செபஸ்தியம்மா மொகத்துல முழிக்காத. எங்கயாவது ஒழிஞ்சு போ'ங்காரு."

ஏழு மாதமாக இதே குரல். மீன்பிடிக்கப் போன இடத்தில், சூறைக்காற்றில் கூட்டாளி கஸ்பார் வள்ளத்திலிருந்து தவறி விழுந்தார். டீசல் அடிமட்டத்துக்கு வரும்வரை தேடிவிட்டு, தொபியாஸ் தனியாகக் கரை சேர்ந்தார். ஊரில் ஒருத்தரும் அவரைக் குறை சொல்லவில்லை. கஸ்பாரின் மனைவி செபஸ்தியம்மாள் என்ன நினைக்கிறாள் என்று கேட்க அவருக்குத் துணிச்சல் இல்லை, பாவம்.

"பேசுறது ஆண்டவர்தானா சிஸ்டர்? ஆமான்னா நாளைக்கே கெளம்பிருதேன்."

"காலைல என்னைய வள்ளத்துல கூட்டிட்டுப் போங்க" என்றார் சிஸ்டர்.

விடிந்தபோது பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனி. எந்த வள்ளமும் இறங்கவில்லை.

"இந்தப் பனியிலயா? வெளையாடுறீங்களா சிஸ்டர்?"

சிஸ்டர் ஏற்கெனவே வள்ளத்தில் உட்கார்ந்திருந்தார்.

அரைமணி நேரம் போனதும் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். அலைகூட இல்லை. வெள்ளைவெளேரென்று நாலு பக்கமும் பனி அடைத்து நின்றது.

பிறகு அது கேட்டது.

"மக்கா... விட்டுட்டுப் போயிட்டியே..."

தொபியாஸ் விருட்டென்று எழுந்தார். கஸ்பாரேதான். அந்தக் கரகரப்புகூட மாறவில்லை.

"சிஸ்டர்! உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது." சிஸ்டரின் முகம் வெளுத்திருந்தது. "எனக்கு எங்கம்மா குரல்ல கேக்குது. அவங்க சாகக் கெடந்தப்ப நான் போகல."

தொபியாஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அண்ணே, அது எந்தப் பக்கமிருந்து வருது?"

அவர் காது கொடுத்துக் கேட்டார். வலப்பக்கம். இடப்பக்கம். வள்ளத்துக்கு அடியில். தன் பிடரிக்குப் பின்னால்.

"எல்லாப் பக்கமும்லா வருது! தெனமும் கேக்குற அந்தக் குரலும் இப்பிடித்தான்."

"அத வச்சு வள்ளம் ஓட்ட முடியுமா?"

"அதெப்படி முடியும்? சுத்திச் சுத்தி இங்கனயே கெடந்து சாக வேண்டியதுதான்."



அப்போது தூரத்தில் மணி அடித்தது. கோயில் மணி. பனி மூடிய நாளில், கடலில் ஆள் இருக்கிற வீட்டார் கோயிலுக்குப் போய் மணிக்கயிற்றை இழுத்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவை அடிப்பது அந்த ஊர் வழக்கம். எஞ்சினைப் போட்டால் மணி கேட்காது. தொபியாஸ் துடுப்பை எடுத்தார். வள்ளம் அந்தப் பக்கம் திரும்பியது.

"மக்கா..." என்றது பனி.

"அது நிக்கலியே சிஸ்டர்."

"அது பாட்டுக்குப் பேசட்டும். நீங்க துடுப்பப் போடுங்க."

நாலைந்து தடவை துடுப்புப் போட்டவர் சட்டென்று நிறுத்தினார்.

"இன்னைக்குக் கடல்ல நாம மட்டுந்தான இருக்கோம்? எனக்குன்னு யாருமில்ல. மடத்துல அடிக்கச் சொல்லிட்டு வந்தீங்களா?"

"இல்லண்ணே."

"அப்ப அடிக்கிறது யாரு?"

"நீங்க எஞ்சினோட மல்லுக்கட்டிட்டு இருந்தப்ப செபஸ்தியம்மா கரைக்கு வந்தாங்க. வள்ளத்துல யாருன்னு கேட்டாங்க. உங்க பேரச் சொன்னேன். போட்டிருந்த செருப்பக்கூட மணல்ல விட்டுட்டுக் கோயிலுக்கு ஓடினாங்க."