லண்டன் வண்டியின் பின்பாரம்

உப்பளத்தில் முப்பத்தோரு வருசம் மூட்டை எடை போட்ட சிவசூரியன், ஐம்பத்தேழு வயதில் சைக்கிள் வேலை பழகப் போனார் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும். சிரித்தது. அதுவும் யாரிடம் பழகப் போனார்? முத்தையாபுரத்தில் மாதா கோயிலுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டிருக்கிற ஜெசிந்தாவிடம். ஜெசிந்தாவுக்கு முப்பத்தாறு வயது. சிவசூரியன் வேலைக்குச் சேர்ந்தபோது அஞ்சு வயதுப் பிள்ளை.

பழைய இங்கிலீஷ் சைக்கிளைப் பிரித்து, ஓட்டப்போகிற ஆளின் கைகால் நீளத்துக்குத் தகுந்த மாதிரி புதுசாகக் கட்டிக் கொடுப்பது அங்கே வேலை. கட்டிக் கொடுப்பது என்று சொன்னது தப்பு. ஜெசிந்தா ஒரு நட்டைக்கூடத் தொட மாட்டார். ஓட்டப்போகிறவன்தான் பிரிக்கணும், அவன்தான் பூட்டணும். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். அதனாலேயே வருகிறவர்கள் அவரை ஆசான் என்று கூப்பிட்டார்கள். சிவசூரியன் முதல் வாரம் ‘ஏம்மா’ என்றுதான் கூப்பிட்டார். மூன்றாவது வாரம் அவர் வாயிலும் ஆசான் என்றே வந்தது.

சிவசூரியனுடைய வண்டிக்கு ஊரில் லண்டன் வண்டி என்று பேர். துறைமுகத்தில் இருந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் ஊருக்குக் கப்பல் ஏறும்போது மாமனார் வாங்கி வைத்தது. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைக்குக் கொடுத்தார். உயரமான பார், கம்பி பிரேக், தோல் சீட்டு, பின்னால் மூட்டை வைக்கிற அளவுக்கு அகலமான கேரியர்.

முதல் நாள் அந்த வண்டியில்தான் கொட்டகைக்கு வந்தார். காலை பத்து மணி. ஆசான் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தட்டில் சக்கரத்துக்குள் போடுகிற இரும்புக் குண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

“அவங்களை நிழல்ல உக்காரச் சொல்லுங்க” என்றார்.

“யாரை?”

ஆசான் திரும்பினார். சிவசூரியனைப் பார்த்தார். கேரியரைப் பார்த்தார். பிறகு வாசல் மண்ணைப் பார்த்தார்.

“டபுள்ஸ் வந்த சத்தம் கேட்டுச்சு” என்றார். மறுபடியும் குண்டு பொறுக்கத் திரும்பினார்.

சிவசூரியன் கேரியரைத் திரும்பிப் பார்த்தார். நாலு வருசமாக அந்தச் சத்தம் தன் காதுக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்திருந்தார்.

விஷயம் இதுதான். அவர் மனைவி வடிவு அந்தக் கேரியரில் இருந்து விழுந்துதான் செத்துப்போனாள். உப்பளத்து ரோட்டில், கல்பாலத்து மேல். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மறுநாள் அவர் வண்டியை எடுத்தபோது பின்னால் பாரம் இருந்தது. கேரியரில் ஆள் உட்கார்ந்தால் ஹேண்டில் லேசாகி, பெடல் கனக்குமே, அந்தப் பாரம். திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. சமதரையில் போனாலும் மேடு ஏறுகிற மாதிரி மூச்சு வாங்கியது. உப்பளத்து வரப்பு ஈரத்தில் முன்சக்கரம் கோடு போட்டுப் போகும், பின்சக்கரம் ஒரு விரல் ஆழம் புதைந்து போகும். எதிரே வருகிற உப்பளத்துப் பெண்கள் டபுள்ஸுக்கு ஒதுங்குகிற மாதிரி வரப்பின் ஓரத்துக்கே ஒதுங்குவார்கள். கேரியர் பக்கம் பார்ப்பார்கள். அப்புறம் ஒருத்தியும் பேச மாட்டாள்.

முதலில் பயமாகத்தான் இருந்தது. மனுசன் எதற்குத்தான் பழக மாட்டான். போகப் போகப் பின்னால் பார்த்துப் பேச ஆரம்பித்தார். இன்றைக்கு எத்தனை லோடு போனது, மகள் என்ன சொன்னாள், வானம் எப்படி இருக்கிறது என்று எல்லாம் சொல்லிக்கொண்டே மிதிப்பார். பதில் வராது. பாரம் மட்டும் இருக்கும்.

நாலு வருசத்தில் இரண்டு முட்டியும் போய்விட்டன.

“ஒத்த ஆளுக்கு மட்டும் கட்டணும். லேசா இருக்கணும்” என்றார் ஆசானிடம்.

“பிரிங்க” என்றார் ஆசான்.

ஐப்பசியில் ஆரம்பித்தார். மழை மாதங்களில் உப்பளத்துக்கு வேலை கிடையாது, பாத்தியெல்லாம் தண்ணீர் நிற்கும். காலையில் போனால் பொழுது சாய்கிற வரைக்கும் கொட்டகைதான். செயின் கவரைக் கழற்றினார். மட்கார்டைக் கழற்றினார். அகலமான ஹேண்டிலை எடுத்துவிட்டுத் தன் தோள் அகலத்துக்கு வேறு போட்டார். ஒவ்வொரு குண்டாகத் துடைத்து, கிரீஸ் வைத்து, பழையபடி அடுக்கினார். பின்சக்கரத்தை மட்டும் மூன்று தடவை கட்டினார். கோட்டம் எடுத்து, கம்பியைச் சுண்டிச் சத்தம் பார்த்து, ஆசான் தலையை ஆட்டிய பிறகு ஏறி ஒரு ரவுண்டு போய் வருவார். வந்து பார்த்தால் போக்ஸ் கம்பி இரண்டு அறுந்து கிடக்கும்.

“கம்பி மோசமோ?” என்றார்.

“புதுக் கம்பி” என்றார் ஆசான். “பாரம் ஏறாம இது அறாது.”

ஆசானே ஏறி மாதா கோயிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கம்பி ஒன்றும் அறவில்லை. வாசல் மண்ணில் பின்சக்கரம் பதிந்ததே தெரியவில்லை.

“எனக்கு லேசாத்தான் இருக்கு” என்று சொல்லி வண்டியை அவர் கையில் கொடுத்தார்.

கார்த்திகை பாதியில் எல்லா வேலையும் முடிந்தது. கேரியர் ஒன்றுதான் பாக்கி. நாலு நட்டு. அரை மணி நேர வேலைகூட இல்லை. சிவசூரியன் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்காருவார். நட்டில் மாட்டுவார். பிறகு எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார். இப்படி ஒன்பது நாள். ஆசானும் ஸ்டூலில் இருந்தபடி ஒன்பது நாள் பார்த்தார்.

பத்தாம் நாள் சிவசூரியன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ஆசான், ஒண்ணு கேக்கேன். கேரியரைக் கழட்டுனா அவ எங்க போவா?”

“யாரு, மதினியா?”

“அவதான். இதைக் கழட்டுனா ரெண்டாவது தடவையும் நானே தள்ளிவிட்ட மாதிரி ஆயிரும். கழட்டலேன்னா என்னால ஓட்ட முடியாது. ஓட்டாம மூலையில நிப்பாட்டுனா, அவ அதுலயே உக்காந்துகிட்டு இருப்பா. வெயிலு மழை எல்லாத்துக்கும். நான் என்னதான் செய்ய?”

“முதல் தடவை நீங்களா தள்ளிவிட்டீங்க?”

சிவசூரியன் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். மகளிடம்கூடச் சொல்லாததை அன்றைக்குத்தான் சொன்னார்.

“பேசிக்கிட்டே போனேன். வீட்டுக்கு வெள்ளை அடிக்கணும், கோயில் கொடைக்கு முன்னாடியே அடிச்சிருவோமான்னு கேட்டேன். பதில் இல்லை. கோவத்துல இருக்கான்னு நினைச்சு, நானா மேல பேசிக்கிட்டே மிதிச்சேன். அரை கிலோமீட்டர் போயிட்டேன் ஆசான். எதிர்ல வந்த லோடுமேன் ஒருத்தன் கத்துன பெறகுதான் திரும்பிப் பாத்தேன். அவ பாலத்துல கிடக்கா. எப்ப விழுந்தான்னே எனக்குத் தெரியலை. மூட்டையில அரைக் கிலோ குறைஞ்சா கண்டுபிடிக்கிற ஆளு நான். பொண்டாட்டி விழுந்தது தெரியலை.”

ஆசான் ஸ்டூலை அவர் பக்கம் இழுத்துப் போட்டார்.

“அன்னைக்கு அவ ஓட்டி, பின்னால நான் இருந்திருக்கணும். விழுந்தது நானா இருந்திருக்கணும். காலையில கண்ணு முழிச்சதும் எனக்கு அதுதான் முதல் நினைப்பு. நாலு வருசமா ஒருநாள் தப்பாது.”

“பின்னால இருக்கிறது எத்தனை கிலோ?” என்றார் ஆசான்.

சிவசூரியன் நிமிர்ந்து பார்த்தார்.

“முப்பத்தோரு வருசமா எடை போடுதீங்க. இதை எடை போட்டுப் பாக்கலையா?”

“அதை எப்படி ஆசான்...”

“தராசுச் சாவி உங்ககிட்டதான இருக்கு? வாங்க.”

உப்பளத்துக்குப் போகும்போது உச்சி வெயில். முந்தின நாள் மழை பெய்திருந்தது. பாத்திகளில் தண்ணீர் அசையாமல் நின்றது, வரப்பில் ஆள் நடமாட்டம் இல்லை. சிவசூரியன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார், ஆசான் கூட நடந்தார். கல்பாலம் வந்தபோது சிவசூரியன் வழக்கம் போலக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தார். உருட்டும்போது பாரம் கிடையாது. அவர் ஏறி உட்கார்ந்தால்தான் அதுவும் ஏறும்.

எடைக் கொட்டகைக்குள் உப்பு வாடை அடித்தது. நாலு மூட்டையை ஒரே தடவையில் வைக்கிற பெரிய மேடைத் தராசு அங்கே இருந்தது. ஆசான் முதலில் வண்டியை மட்டும் மேலே ஏற்றச் சொன்னார். சிவசூரியன் தராசுத் தண்டில் எடைக்குண்டை நகர்த்தினார்.

“பதினெட்டு” என்றார். மூட்டைக்குச் சொல்கிற அதே குரல்.

“இப்ப நீங்க ஏறி உக்காருங்க.”

“எடைக்காரன் தராசு மேல ஏறக் கூடாது ஆசான். ஏறுனா அந்த வருசம் எடை நிக்காதுன்னு சொல்லுவாங்க. இத்தனை வருசத்துல நான் ஒரு தடவை ஏறுனதில்லை.”

“நீங்க சைக்கிள்லதான ஏறுதீங்க” என்றார் ஆசான்.

சிவசூரியன் ஏறினார். ஆசான் தராசுக்கு வெளியே நின்று, வண்டி சாயாமல் இருக்க ஹேண்டிலில் இரண்டு விரலை வைத்தார். சிவசூரியன் இரண்டு காலையும் பெடலுக்குத் தூக்கினார்.

மேடை ஒரு தடவை இறங்கியது. நின்றது. பிறகு இன்னொரு தடவை இறங்கியது. பின்சக்கரத்து டயர் நசுங்கியது. கேரியர் கம்பி முனகியது. யாரோ மெதுவாக உட்கார்ந்து வசதி பண்ணிக்கொண்ட மாதிரி வண்டி லேசாக ஆடி நிலைக்கு வந்தது.

ஆசான் மறு கையால் குண்டை நகர்த்தினார். நூறைத் தாண்டியும் தண்டு இறங்கவில்லை. நூற்றிருபது. நூற்றிமுப்பது.

“மெதுவா” என்றார் சிவசூரியன். கண் தண்டை விட்டு நகரவில்லை. “இன்னும் கொஞ்சம். நில்லுங்க. நூத்தி நாப்பத்தி நாலு.”

“வண்டி போக?”

“நூத்தி இருபத்தாறு.”

“மதினி எடை எவ்வளவு?”

“நாப்பத்தி நாலு. விழுறதுக்கு முந்தின மாசம் ஆஸ்பத்திரிச் சீட்டுல எழுதியிருந்தாங்க.” சிவசூரியன் மனதுக்குள் கழித்துப் பார்த்தார். முகம் மாறியது. “அப்ப நான் எம்பத்தி ரெண்டா? அவ்வளவு இருக்க மாட்டேனே.”

“இறங்குங்க. வண்டி என்கிட்ட இருக்கட்டும். நீங்க மட்டும் மேல நில்லுங்க.”

இந்தத் தடவை அவர் மறுப்புச் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றார். தன் கையாலேயே குண்டை நகர்த்தினார். தண்டு சமமாக நின்றது. அவர் ஒரு தடவைக்கு மூன்று தடவை தட்டிவிட்டுப் பார்த்தார். அது அங்கேயேதான் வந்து நின்றது.

“அறுபத்தி மூணு” என்றார்.

கொட்டகைத் தகரம் வெயிலில் படபடத்தது. சிவசூரியன் தராசிலேயே நின்றார்.

“ரெண்டு அறுபத்தி மூணு. முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு” என்று தனக்குத்தானே சொன்னார். கணக்குச் சரியாக இருந்தது. முப்பத்தோரு வருசத்தில் எந்தக் கணக்கும் இவ்வளவு சரியாக வந்ததில்லை.

வாசலுக்கு வெளியே வண்டி ஆசான் கையில் நின்றது. சிவசூரியன் அதைப் பார்த்தார். கேரியரைப் பார்க்கத் துணிவு வரவில்லை.

“அப்ப அவ வரவே இல்லியா?” என்றார். கண்ணீர் தாடை வழியாக இறங்கியது, துடைக்கவில்லை. “நாலு வருசமா எல்லாம் அவகிட்டச் சொல்லிக்கிட்டு வந்தேனே ஆசான். வீட்டுக்கு வெள்ளை அடிச்சதைக்கூடச் சொன்னேன்.”

“மதினி பாலத்துலயே இறங்கிட்டாங்க அண்ணாச்சி.”

சிவசூரியன் தராசை விட்டு இறங்கினார். மடியில் இருந்து ஸ்பேனரை எடுத்தார்.

“அப்ப கேரியரைக் கழட்டிரலாமா?”

ஆசான் வண்டியை அவர் பக்கம் திருப்பி நிறுத்தினார்.

“கழட்டலாம். முதல்ல பின்னால இருக்கிற அண்ணாச்சியை இறங்கச் சொல்லுங்க.”