கரடி தூக்கிய கல்

ஒரு காட்டில், மலைச்சரிவுக் குகையில், வயதான கரடி ஒன்று தன்னந்தனியாகக் குடியிருந்தது. அதன் துணை இறந்து மூன்று மழைக்காலம் ஓடிவிட்டது. பேச ஆளில்லாமல் அது சில நாள் தன் நிழலையே, "சாப்பிட்டாயா?" என்று கேட்கும். பாவம்!

குகைக்குக் கீழே ஓடைக்கரையில், காட்டிலுள்ள கிழடுகளெல்லாம் காலைதோறும் கூடும். உட்கார்ந்து எழும், கல்லைத் தூக்கி இறக்கும், "ஒன்று, இரண்டு" என்று கூவி எண்ணும். முதிய மந்தி ஒன்றுதான் தலைவி. யாராவது வராவிட்டால், பயிற்சி முடிந்ததும் எல்லோரும் அவர் வீட்டுக்கே போய் விசாரிப்பது வழக்கம்.

"நீங்களும் வாருங்களேன், கரடியண்ணே! கால் உரம் பெறும்" என்று ஒருநாள் மந்தி அழைத்தது.

"எனக்கென்ன குறை? கிழடுகளோடு எனக்கென்ன வேலை?" என்றது கரடி.

வாய்தான் அப்படிச் சொன்னது. மந்தி போனபின், 'இன்னொரு முறை கூப்பிட்டிருக்கலாமே' என்று மனம் ஏங்கியது.

நாலு பேர் முன்னால் மூச்சு வாங்கினால் மானம் போய்விடுமாம்! அதனால் கரடி புதர் மறைவில் நின்று பயிற்சியைப் பார்த்துக்கொண்டது. பிறகு குகைக்குள் தனியாகச் செய்தது. பார்க்க ஆளில்லாத இடத்திலும் வீம்பு விடுமா? ஒரு காலையில் இருப்பதிலேயே பெரிய கல்லைத் தூக்கியது. கல் நழுவிப் பின்னங்காலின் மேல் விழுந்தது. கரடி அசைய முடியாமல் கிடந்தது.

அன்று முள்ளம்பன்றி பயிற்சிக்கு வரவில்லை. அதைத் தேடிக் கிளம்பிய கூட்டம் குகை வழியாகப் போனது.

"கரடியண்ணே, நலமா?" என்று வெளியிலிருந்து மந்தி கேட்டது.

"எனக்கென்ன? நன்றாகத்தான் இருக்கிறேன்!"

பழகிய வாய் முந்திக்கொண்டது. காலடிகள் விலகிப் போயின. கரடிக்கு நெஞ்சு பதறியது. இவர்கள் போய்விட்டால் வேறு யார் வருவார்? நாளைக்குத் தன்னைக் காணோமே என்று தேட, தான் என்றைக்கு அந்தக் கூட்டத்துக்குப் போயிருக்கிறது?

"போகாதீர்கள்! என்னால் எழுந்திருக்க முடியவில்லை!" என்று அது கதறியது.

எல்லோரும் ஓடிவந்தார்கள். "ஒன்று, இரண்டு" என்று கூவித் தள்ளினார்கள். கல் புரண்டது. மந்தி கரடியின் தோளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தது. கரடி விம்மி விம்மி அழுதது.

"கால் ரொம்ப வலிக்கிறதா, அண்ணே?"

"இல்லை, தாயே. என்னை ஒருவர் தொட்டு மூன்று வருடமாயிற்று" என்றது கரடி.

நீதி: முடியாதபோது 'முடியவில்லை' என்று வாய்விட்டுச் சொல்பவருக்கே துணை கிடைக்கும்.