மாமியாரிடம் வாங்கிய வாக்கு

சந்தையில் பணியாரம் சுட்டு விற்ற பூவாயியிடம் ஒரு பசு இருந்தது. அதன்மேல் தளவாய் வீரகண்டனுக்குக் கண்.

ஒருநாள் அவர் ஒரு மூட்டை அரிசியை அவள் முன் போட்டார்.

"இது இப்போதே உனக்கு. திருவிழாவன்று சாப்பிட வருவேன். இருபது பணியாரம் வரை காசு தருவேன். அதற்குமேல் எத்தனை கேட்டாலும் நீ சும்மா போடணும். முடியாவிட்டால் பசு எனக்கு."

தளவாய் ஒரே அமர்வில் முந்நூறு தின்பவர். மறுத்தால் கடை நிற்காது. பூவாயி தலையாட்டினாள்.

மாலையில் அந்த அரிசியில் ஒரு படியை மடியில் கட்டிக்கொண்டு தளவாயின் மாமியார் வீட்டுக்குப் போனாள்.

"அம்மா, உங்க மாப்பிள்ளை நாற்பது பணியாரத்துக்கு மேலே தின்பாராமே?"

"எவ சொன்னா? எங்க வீட்ல கோழி கொத்துற மாதிரி கொத்திட்டு எழுந்துடுவார்."

"அப்போ இந்த அரிசியை வச்சுக்கங்க. நாற்பதைத் தாண்டினா, மீதியை நீங்க சுட்டுப் போடணும்."

சும்மா வந்த அரிசி என்று மாமியார் வாங்கி வைத்துக்கொண்டாள்.

திருவிழாவன்று தளவாய் நாற்பதை முடித்தார். நாற்பத்தொன்றுக்குக் கை நீட்டினார்.

"இன்னுமா பசிக்குது மாப்பிள்ளை?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சொன்னபடி மீதியைச் சுட மாமியார் வந்து நின்றிருந்தாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது.

"போதும் அத்தை. வயிறு நிறைஞ்சிடுச்சு" என்று நெளிந்தார். வயிறோ உறுமியது.

பூவாயி சும்மா போட்டது இருபது பணியாரம்தான். மாமியார் அரிசியை வாங்கிய அன்றைக்கே, அதற்குமேல் போகாது என்று அவளுக்குத் தெரியும். நாற்பத்தொன்றாவதை எடுத்துப் பசுவுக்குக் கொடுத்தாள். தளவாய் எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்தார்.