வாய்தா கேட்ட பன்றியும் வக்கீல் கோழியும்

ஒரு காட்டின் நடுவில் பெரிய ஏரி ஒன்று இருந்தது. ஏரிக்கரைச் சேற்றில் கோரைக்கிழங்கு ஏராளமாக விளைந்தது. அந்தக் கரை முழுவதும் செம்மேட்டார் என்ற காட்டுப்பன்றிக்குச் சொந்தம். சொந்தம் என்று யார் எழுதிக் கொடுத்தார்கள் என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. அவருடைய கோரைப்பல் அத்தனை நீளம்.

கிழங்கைத் தோண்ட வேண்டுமானால் முதலில் மேலே மண்டிக் கிடக்கும் புல்லை எடுக்க வேண்டும். உள்ளூர் விலங்குகள் அந்த வேலைக்கு ஒரு நாள் வந்தால் மறுநாள் வருவதில்லை. அதனால் செம்மேட்டார் ஒவ்வொரு ஐப்பசியிலும் இமயமலைக்கு அப்பாலிருந்து வரும் வரித்தலை வாத்துகளை வேலைக்கு வைத்துக்கொள்வார். அவை குனிந்த தலை நிமிராமல் புல் பிடுங்கும். பங்குனி பிறந்ததும் ஊர் திரும்பி, முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கும்.

இந்த வருஷம் முப்பத்திரண்டு வாத்துகள் வந்தன. அவற்றுக்குத் தலைவி டோல்மா. செம்மேட்டார் அந்தப் பெயரைக் கற்றுக்கொள்ளவே இல்லை. அவருக்கு எல்லா வாத்தும் "ஏய், வடக்கு!" தான்.

தை மாதம் பிறந்தது. கரையில் இன்னும் பாதிப் புல் அப்படியே இருந்தது. பங்குனியில் இவர்கள் போய்விட்டால் மீதியை யார் பிடுங்குவது? செம்மேட்டார் யோசித்தார். ஒரு காலையில் வாத்துகளை வரிசையாக நிற்க வைத்தார்.

"காட்டுல திருட்டு பயம் அதிகமாயிடுச்சு. உங்க சிறகுல இருக்கிற பெரிய இறகையெல்லாம் எங்கிட்ட கொடுத்துடுங்க. பத்திரமா வெச்சிருக்கேன்."

"ஊருக்குப் போகும்போது, முதலாளி?" என்று டோல்மா கேட்டது.

"வேப்பம்பிசின் வெச்சு நானே ஒட்டிவிடறேன்."

அசலூரில் முதலாளி சொன்னால் அது சட்டம் என்று வாத்துகள் நினைத்தன. சிறகை நீட்டின. பன்றி ஒவ்வொரு இறகாகப் பல்லால் கடித்து வேரோடு உருவினார். சுருக்கென்று வலித்தது. பல் இருந்தால் வாத்துகள் அதைக் கடித்துக்கொண்டு பொறுத்திருக்கும். வாத்துக்குப் பல் இல்லையே, அதனால் கண்ணை மூடிக்கொண்டன.

மறுநாள் டோல்மா இறக்கையை அடித்துப் பார்த்தது. தரையிலிருந்து ஒரு சாண்கூட எழும்ப முடியவில்லை. தத்தித் தத்தி நடந்தே காட்டின் எல்லைக்குப் போனது. அங்கே ஒரு சூரைப் புதரடியில் வக்கீல் காராயி இருந்தாள்.

காராயி ஒரு கருங்கோழி. பிறந்ததிலிருந்தே கறுப்பாக இருந்ததால் வக்கீல் அங்கி தைக்க வேண்டிய அவசியம் அவளுக்கு ஏற்படவில்லை. ஊரில் கோர்ட் வாசல் டீக்கடைக்காரர் வீட்டில் வளர்ந்தவள். வக்கீல்கள் சிந்திய பிஸ்கட்டோடு சட்டத்தையும் பொறுக்கித் தின்றவள். டீக்கடைக்காரர் ஒரு பொங்கலுக்கு முந்தின நாள் கத்தி தீட்டியதைப் பார்த்ததும், தெருநாயிடம் ஒரு பக்கச் சிறகின் இறகையெல்லாம் பறிகொடுத்துவிட்டுக் காட்டுக்கு ஓடி வந்துவிட்டாள். அவளை வக்கீல் என்று ஒப்புக்கொள்ளக் காட்டில் பாதிப் பேருக்கு மனசு வரவில்லை. வேலியைத் தாண்டப் பறக்கத் தெரியாதவள் வழக்கில் என்ன தாண்டுவாள் என்று கேலி செய்தார்கள்.

டோல்மா எல்லாவற்றையும் சொன்னது. பிசின் கதை வந்ததும் காராயி சிரித்துவிட்டாள்.

"பிசின் வெச்சு ஒட்டின இறகோட இமயமலையைத் தாண்டப் போறியாம்மா நீ?"

டோல்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அது விம்மி விம்மி அழுதது. "பங்குனியில கிளம்பலைன்னா இந்த வருஷம் எங்க இனத்துல ஒரு குஞ்சுகூட கிடையாது, வக்கீலம்மா."

காராயி சிரிப்பை நிறுத்தினாள். சிரித்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது. டோல்மாவின் சிறகைத் தூக்கி உற்றுப் பார்த்தாள்.

"ஒண்ணு மட்டும் சொல்லு. இறகை வெட்டினாரா, பிடுங்கினாரா?"

"பிடுங்கினாரு. மெத்தை தைக்க முழு இறகா வேணுமாம். குட்டிங்ககிட்ட பேசிட்டிருந்தாரு. அப்ப எனக்குப் புரியலை."

"நல்லதாப் போச்சு" என்றாள் காராயி. இதில் என்ன நல்லது என்று டோல்மாவுக்கு விளங்கவில்லை. இந்த வக்கீலை நம்பலாமா என்ற சந்தேகமும் வந்தது.

தை அமாவாசையன்று மருதமரத்தடியில் கோர்ட் கூடியது. நீதிபதி ஒரு கிழட்டு ஆமை. நேர்மையானவர். அவசர வழக்கு என்றால் அன்றைக்கே தலையை ஓட்டுக்கு வெளியே நீட்டுவார். மற்ற வழக்குகளுக்கு மறுநாள்தான்.

செம்மேட்டாருக்காக ஓணான் வேலப்பன் ஆஜரானார். அவரைப் பன்றி தேடிப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. முதலாளி எதைச் சொன்னாலும் வேலப்பன் தலையை ஆட்டுவார்.

"கனம் நீதிபதி அவர்களே, எங்க முதலாளிக்கு ஜலதோஷம். வாய்தா வேணும்."

பன்றியின் கணக்கு எளிமையானது. நான்கு வாய்தா வாங்கினால் பங்குனி வந்துவிடும். கிளம்பும் நேரத்தில் இறகில்லாமல் நின்றுவிட்டால், வெயில் ஏறியபின் வாத்துகளால் அத்தனை தூரம் போக முடியாது. அப்புறம் தீர்ப்பு எப்படி வந்தால் என்ன?

எல்லாரும் காராயியைப் பார்த்தார்கள். அவள் காலால் மண்ணைக் கொஞ்சம் சீய்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆட்சேபணை இல்லை. ஆனா வழக்கு முடியற வரைக்கும் வாத்துகளை வேலை வாங்கக் கூடாது. அவங்க மேயறதைத் தடுக்கக் கூடாது. முதலாளி அவங்க தங்கியிருக்கிற ஏரித் திட்டுப் பக்கம் போகவும் கூடாது."

"பதினஞ்சு நாள்தானே" என்று செம்மேட்டார் உறுமினார். வேலப்பன் தலையை ஆட்டினார். ஆமை பௌர்ணமிக்குத் தேதி கொடுத்தது.

தைப்பூசப் பௌர்ணமியில் சாட்சி வரவில்லை என்று வாய்தா. மாசி அமாவாசையில் வேலப்பன் தோல் உரித்துக்கொண்டிருந்தார். பாதிச் சட்டையோடு கோர்ட்டுக்கு வருவது மரியாதை இல்லை என்று இன்னொரு வாய்தா. ஒவ்வொரு தடவையும் காராயி "ஆட்சேபணை இல்லை" என்றாள். ஒவ்வொரு தடவையும் அதே நிபந்தனையைப் போட்டாள்.

வாத்துகள் கொதித்துப் போயின. "இது நம்ம வக்கீலா, அவங்க வக்கீலா?" என்று ஒரு வாத்து அவள் காதுபடவே கேட்டது. காராயிக்குச் சுருக்கென்றது. பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டாள்.

அதற்குள் வாத்துகளுக்கு வேறொரு தொல்லை ஆரம்பித்திருந்தது. சிறகெல்லாம் ஒரே அரிப்பு. மாசிப் பௌர்ணமியன்று கோர்ட்டில் முப்பத்திரண்டு வாத்துகளும் உட்கார்ந்த இடத்தில் சொறிந்துகொண்டிருந்தன.

"பாருங்க நீதிபதி அவர்களே, பேன் பிடிச்ச கூட்டம்!" என்றார் வேலப்பன். ஆமை இரண்டடி பின்வாங்கியது. அதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது. முதலாளியின் அத்தை மகளுக்குக் கல்யாணம் என்று அன்றைக்கும் வாய்தா கிடைத்தது.

டோல்மா மட்டும் காராயியைத் தனியாகப் பிடித்தது. "வக்கீலம்மா, இது பேன் மாதிரி தெரியலை. எங்களுக்கு இறகு உதிர்றதும் முளைக்கிறதும் ஊர்ல, கோடைக்காலத்துலதான். ஆனா இப்ப சிறகுல முள்ளு முள்ளா என்னமோ…"

"பேன்தான்" என்றாள் காராயி. "எல்லார்கிட்டயும் பேன்னே சொல்லு. சிறகை மடக்கியே வைக்கச் சொல்லு. தண்ணியில கூட விரிச்சுப் பார்க்கக் கூடாது."

டோல்மா அவள் கண்ணைப் பார்த்தது. காராயி ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் அதைப் பார்த்தாள். டோல்மாவுக்குப் புரிந்துவிட்டது. மற்ற வாத்துகளிடம் மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் காடே கேட்டிருக்கும். வாத்துகள் நல்லவர்கள்தான், ஆனால் ரகசியத்தையும் சத்தம் போட்டுத்தான் பேசுவார்கள்.

பங்குனி அமாவாசை வந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. இனி வாய்தா தேவையில்லை என்று செம்மேட்டாருக்கு நிம்மதி. வேலப்பனைப் பேசச் சொன்னார். வேலப்பன் கழுத்தைச் சிவக்க வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்க முதலாளி யாரையும் பிடிச்சு வைக்கலை. கயிறு உண்டா? கூண்டு உண்டா? வானம் திறந்துதான் கிடக்கு. வாத்துங்க இப்பவே கிளம்பினாலும் முதலாளி சந்தோஷமா வழியனுப்புவாரு."

"சத்தியமா!" என்றார் செம்மேட்டார். சொல்லிவிட்டுத் தன் குட்டிகளைப் பார்த்துக் கண்ணடித்தார்.

காராயி மெல்ல முன்னே வந்தாள். "இதைப் பதிவு பண்ணிக்கணும், ஐயா."

ஆமை ஈர மண்ணில் நகத்தால் எழுதத் தொடங்கியது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பெருமூச்சு. வாத்துகள் நெளிந்தன. பன்றி கொட்டாவி விட்டார். எழுதி முடித்ததும் ஆமை கேட்டது: "வாத்துகள் இப்போதே போகலாம், யாரும் தடுக்க மாட்டார். இதுதானே நீங்க சொன்னது?"

"அதேதான்" என்றார் பன்றி. வேலப்பன் தலையை ஆட்டினார்.

"அப்போ அதுவே தீர்ப்பு."

காராயி திரும்பினாள். "டோல்மா, சிறகை விரிம்மா."

டோல்மா விரித்தது. பழைய இறகு இருந்த இடமெல்லாம் புது இறகு பளபளவென்று நின்றது. அதைப் பார்த்து மற்ற வாத்துகளும் விரித்தன. தங்கள் சிறகைத் தாங்களே பார்த்து வாயைப் பிளந்தன. ஒரு கிழட்டு வாத்து, "அப்போ பேன் இல்லையா?" என்று கேட்டது.

"அதெப்படி முடியும்? இறகெல்லாம் என் மெத்தைக்குள்ள இருக்கு!" என்று செம்மேட்டார் அலறினார்.

ஆமை தலையை இன்னும் ஓர் அங்குலம் நீட்டியது. "மெத்தைக்குள்ளயா? பத்திரமா வெச்சிருக்கிறதா இல்லே வாத்துங்ககிட்ட சொன்னீங்க? சரி, இதையும் எழுதிக்கறேன். இனிமே இந்தக் காட்டுல வேலைக்கு வர்றவங்க இறகை எந்த முதலாளியும் வாங்கி வைக்கக் கூடாது."

"வாய்தா! வாய்தா வேணும்!"

"பறக்கிறதுக்கு வாய்தா கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றது ஆமை.

காராயி பன்றியின் பக்கம் திரும்பினாள். "வெட்டியிருந்தா அடித்தண்டு உள்ளேயே நின்னு, வர்ற கோடை வரைக்கும் முளைச்சிருக்காது, முதலாளி. பிடுங்கின இடத்துல ரெண்டு மாசத்துல முளைச்சிடும். நாய் பிடுங்கின என் இறகும் அப்படித்தான் வந்துது. மெத்தைக்கு முழு இறகு கேட்டதும் நீங்க, ரெண்டு மாசம் வாய்தா கேட்டதும் நீங்க. நான் ஆட்சேபிக்கலை, அவ்வளவுதான்."

பன்றி வேலப்பனைப் பார்த்தார். வேலப்பன் பழக்கதோஷத்தில் அதற்கும் தலையை ஆட்டினார். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டு, குத்துதே குடையுதே என்றானாம் ஒருவன். செம்மேட்டாருக்கு வேட்டி இல்லை. மற்றபடி பழமொழி அப்படியே பொருந்தியது.

"உங்களுக்கு நாங்க என்ன செய்யணும், வக்கீலம்மா?" என்று டோல்மா கேட்டது.

காராயி யோசித்தாள். "வேலிக்கு மேல என்ன இருக்குன்னு நான் பார்த்ததில்லை. போகும்போது என் புதருக்கு மேல ஒரு சுத்து சுத்திட்டுப் போங்க. உங்க நிழல் என் மேல விழட்டும்."

முப்பத்திரண்டு வாத்துகளும் மூன்று சுற்று சுற்றின. அவளைத் திட்டிய வாத்து நான்காவதாக ஒரு சுற்று தனியாகச் சுற்றியது. பிறகு எல்லாம் வரிசையாக வடக்கே பறந்தன. காராயி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். கண்ணில் தூசி விழுந்துவிட்டதாக ஆமையிடம் சொன்னாள். அது பொய். அவள் அழுதாள்.

அந்தக் கோடையில் செம்மேட்டாரே குனிந்து புல் பிடுங்கினார். முதல் நாளே இடுப்பு பிடித்துக்கொண்டது. இறகு மெத்தையில் படுத்தால் தும்மல் வந்தது.

அடுத்த ஐப்பசியில் டோல்மா குஞ்சுகளோடு வந்து ஏரியில் இறங்கியது. கரையில் செம்மேட்டார் காத்துக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பெயரைக் கற்றுக்கொண்டு வந்திருந்தார்.

"வாம்மா டோல்மா. இறகெல்லாம் வேண்டாம். வேலைக்கு வந்தா போதும்."

"அப்படியா, முதலாளி?" என்றது டோல்மா. "எங்க வக்கீலம்மாவைக் கேட்டுச் சொல்றோம்."

எளியவரைப் பறக்கவிடாமல் பிடித்து வைக்க நாள் கடத்துகிறவன், அந்த நாட்களிலேயே அவர்களுக்குச் சிறகு முளைத்துவிடும் என்பதை மறந்து ஏமாந்து போவான்.