நடக்கும் பொடுகு

இலந்தைப் புதர்கள் அடர்ந்த ஒரு மேட்டில் முயல்கள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றில் துத்தி என்றொரு பெண்முயல் இருந்தது. ஒரு மாதமாக அதற்கு உடம்பெல்லாம் ஒரே அரிப்பு! சொறிந்து சொறிந்து பிடரி முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. வெள்ளை வெள்ளையாகப் பொடுகு வேறு உதிர்ந்தது.

வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே! துத்தி தினமும் செம்மண்ணில் புரண்டு வழுக்கையை மறைத்துக்கொண்டது. "இது என்னடி புது அலங்காரம்?" என்று கேட்டவர்களிடம், "உங்களுக்குப் பொறாமை!" என்று வாயடித்தது.

அந்த மேட்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது பிரசவம் நெருங்கினால், மற்ற பெண்முயல்கள் ஆளுக்கு ஒரு வாய் முடி பிடுங்கிக் கொடுக்கும். அதைப் பரப்பித்தான் குட்டிகளுக்கு மெத்தை. முயல்குட்டிகள் வெற்று உடம்போடு பிறக்கும் அல்லவா? இப்போது துத்தியின் தங்கை அல்லிக்கு நாள் நெருங்கிவிட்டது.

மறுபடியும் முடி பிடுங்கினால் வழுக்கை தெரிந்துவிடுமே என்று துத்தி பயந்தது. பேன் பார்ப்பதில் பேர்போன ஒரு மந்தி அத்திமரத்தில் இருந்தது. துத்தி அதனிடம் ஓடியது.

மந்தி முடியை விலக்கிப் பார்த்தது. பொடுகைத் தட்டிக் கறுப்புப் பாறையில் போட்டது. "அடியே! பொடுகு எங்கயாச்சும் நடக்குமா? இது நடக்குது பாரு!"

ஆமாம், நடந்தது!

"இது பூச்சி. முடியோட ஒட்டிக்கிட்டுப் போகும். பச்சைக் குட்டி மேல ஏறுச்சுன்னா தாங்குமா?" என்றது மந்தி.

போன வாரம்தான் துத்தி வேறொரு வளைக்கு முடி கொடுத்திருந்தது. அதை நினைத்ததும் அழுகை வந்தது. அழுது என்ன ஆகப்போகிறது? 'மானம் போனால் போகட்டும், குட்டிகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது' என்று அது நேராக மேட்டுக்குத் திரும்பியது.

அல்லியின் வளை வாசலில் முடி குவிந்து கிடந்தது. கூட்டத்தின் தலைவி நெட்டைக்காதி, "எங்கடி உன் பங்கு?" என்று அதட்டியது.

"தர மாட்டேன்! நீங்க தந்த முடியும் உள்ள போகக்கூடாது!" துத்தி வாசலை அடைத்து நின்றது. பிறகு உடம்பை உதறிச் செம்மண்ணைக் கொட்டியது. "பாருங்க, எனக்குச் சொறி! இத்தனை நாள் மறைச்சேன். அது என் தப்பு!"

கூட்டம் பின்வாங்கியது. "சீ! மேட்டை விட்டே போ!" என்று கத்தியது நெட்டைக்காதி.

"போறேன். ஆனா இது ஒட்டிக்கிற பூச்சி, உங்க கிட்டயும் இருக்கும். முதல்ல இந்த முடியைப் பாறையில கொட்டிப் பாருங்க. ஒண்ணும் நடக்கலைன்னா, இப்பவே போயிடறேன்!"

கொட்டினார்கள். உச்சி வெயில். எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். இங்கே ஒன்று நகர்ந்தது, அங்கே ஒன்று நகர்ந்தது! அந்த நேரம் பார்த்து நெட்டைக்காதியின் பின்னங்கால் தானாக எழுந்து காதைப் பரக் பரக்கென்று சொறிந்தது.

"எனக்கும் பத்து நாளா அரிக்குது..." என்று அது முனகியது.

"எனக்குந்தான்!" "எனக்கும்!" என்று நாலு பக்கமும் குரல்கள் கிளம்பின.

அவ்வளவுதான், வேலை தொடங்கியது. பழைய மெத்தைகளையெல்லாம் இழுத்துத் தூரக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். துத்தி போய் மந்தியை அழைத்து வந்தது. அது, போன வாரம் பிறந்த குட்டிகள் உட்பட, ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் பூச்சி பார்த்தது. அரிப்பு உள்ளவர்கள் குணமாகும்வரை எதிர்ச் சரிவுக்குப் போனார்கள். முதலில் போனது துத்தி. அல்லியின் உடம்பு சுத்தமாக இருந்தது. அதன் வயிற்று முடியும் இலவம் பஞ்சும் சேர்ந்து மெத்தை ஆயின.

மழை தொடங்கிய அன்று ஐந்து குட்டிகள் பிறந்தன. துத்தி கிட்டே போகவில்லை. சரிவில் இருந்தே தினமும் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏக்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அசையவில்லை.

ஒரு மாதம் கழித்து மந்தி துத்தியின் புது முடியை விலக்கிப் பார்த்து, "ஒண்ணும் நடக்கல, ஓடு!" என்றது.

துத்தி ஓடிய ஓட்டத்தைப் பார்க்க வேண்டுமே! மொசுமொசுவென்று முடி வளர்ந்த ஐந்து குட்டிகளும் பெரியம்மாவின் முதுகில் ஏறி விளையாடின. ஒன்றுகூடச் சொறியவில்லை.

நோயை வெட்கப்பட்டு மறைப்பவர் பிறரையும் வருத்துவார். துணிந்து வெளியே சொல்பவரே தம்மையும் காத்துப் பிறரையும் காப்பார்.